ஊதிப் பார்த்த தீர்த்தம்

ஓமந்தைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களிடம் எங்கே போகவேண்டும் என்று கேட்பதை ஓட்டோக்காரர்கள் நிறுத்திப் பல வாரங்களாகிவிட்டன. "சாமியிட்டையோ?" என்று மட்டும் கேட்பார்கள். ஓம் என்றால் ஏற்றுவார்கள். இல்லை என்றால், இவனுக்கு வேறு என்ன வேலை என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

சாமியின் பெயர் ஸ்ரீ தெளிவானந்தா. குடியை விடவைக்கிற சாமி. முள்ளியவளையிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். ஆனையிறவுக்கு அப்பாலிருந்தும் வந்தார்கள். புருசனின் கையை விலங்குபோலப் பிடித்துக்கொண்டு மனைவிமார் வந்தார்கள். தம்பியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்து அழுத்தியபடி ஓட்டோக்கள் வந்தன. வரமுடியாதவர்கள் கனடாவிலிருந்து பேஸ்புக் நேரலையில் கும்பிட்டார்கள். சனிக்கிழமைகளில் தகரக் கொட்டகை நிறைந்து, கூட்டம் வயல் வரம்பு வரைக்கும் வழியும். நிதானமாக நிற்கிற குடிகாரர்களை இவ்வளவு பேராய் ஒரே இடத்தில் அந்தப் பிரதேசம் அதற்கு முன்னர் கண்டதில்லை.

சாமியின் முறை எளிமையானது. குடிக்கிறவன் மனிதன் அல்ல, அவன் வயிற்றிலிருக்கிற பேய் என்பது அவருடைய சித்தாந்தம். சாராயப் பேய், கசிப்புப் பேய், கள்ளுப் பேய் என்று வகைகள் உண்டு. பியர் குடிப்பவனுக்கு இருப்பது வெளிநாட்டுப் பேய். அது தமிழில் வைதால் இறங்காது, அதற்குத் தனிப் பூசை. மேடையில் பளபளவென்று இரண்டு பித்தளைக் குடங்கள் இருக்கும். முதலாவது குடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாசில் தீர்த்தம் ஊற்றுவார்கள். பளிங்குபோல இருக்கும். பப்பாசி இலைத் தண்டால் செய்த குழலை அதற்குள் விட்டுக் குடிகாரன் ஊதவேண்டும். குமிழி எழும்ப எழும்பத் தண்ணீர் கலங்கி, வெளுத்து, கடைசியில் கள்ளு மாதிரி ஆகிவிடும்!

"பாருங்கள் பக்தர்களே! உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டது!" என்று சாமி மைக்கில் முழங்குவார். கூட்டம் "அரோகரா" என்று அலறும்.

எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு பேய். பேய்க்கு ஒரு மூட்டை நெல் காணிக்கை. கையில் மந்திரக் கயிறு. நாற்பத்தொரு நாள் கழித்து வந்து இரண்டாவது குடத்துத் தண்ணீரில் ஊதினால், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பேய் போய்விட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு சின்னப் புதுமை இருந்தது. நல்ல நெஞ்சுரம் உள்ளவன் நீளமாக ஊதினால் அவனுக்கு மூன்று பேய், நாலு பேய். ஊரறிந்த மொடாக்குடியன் ஒருவனுக்கு ஆஸ்துமா. நாலு குமிழியோடு அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. சாமி அவனுக்கு அரைப் பேய்தான் என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். பேய்கள் ஏன் நுரையீரலைப் பார்த்துக் குடியேறுகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கா அவ்வளவு தூரம் வந்தார்கள்?

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு சனிக்கிழமை பழனியாண்டி வந்து சேர்ந்தார். மேசன். தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய தாய்தகப்பனுக்கு இங்கேயே பிறந்தவர். அவர் கட்டுகிற சுவர் நேராக நிற்கும். வேலை முடிந்த பிறகு அவர்தான் நேராக நிற்கமாட்டார். பதினாறு வருசமாக அப்படி. பிறகு சுவரும் சரியத் தொடங்கியது. ஒருநாள் வீட்டுக்காரர் வேறொரு மேசனைக் கூட்டிவந்து, பழனியாண்டி முதல்நாள் எழுப்பிய சுவரை இடிப்பித்தார். தன் சுவரை இன்னொருவன் இடிக்கிற சத்தத்தை, வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் முழுவதும் கேட்டார். அன்றைக்கு அவரை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் போய்க் குடித்திருப்பார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். குடியை விட வருகிறவர்களுக்கென்று அங்கே செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கிளினிக் உண்டு. நீளமான வாங்கு ஒன்று போட்டிருந்தார்கள். அதில் உட்கார அவரைத் தவிர ஆளில்லை. இலவசமாகக் கிடைக்கிற எதற்கும் நம் சனத்திடம் மதிப்பில்லை. மேளமும் மைக்கும் இல்லாவிட்டால் அது வைத்தியமே இல்லை.

மேனுகா என்ற தாதி அவருடைய நடுங்கும் கைகளைப் பார்த்தார்.

"விடலாம் எண்டு நீங்கள் நம்புறியளோ?"

"தெரியாது மிஸ்."

"நம்பிப் பாருங்கோ ஐயா. அதுதான் முதல் வேலை. நடுக்கத்துக்கும் நித்திரைக்கும் எங்களிட்டைக் குளிசை இருக்கு. நம்பிக்கைக்குக் குளிசை இல்லை. அதை நீங்கள்தான் கொண்டுவரவேணும்."

டொக்டர் சோதித்துக் குளிசை எழுதினார். பழனியாண்டி நம்பிப் பார்த்தார். முதல் கிழமை வியர்த்துக் கொட்டியது. கையில் தண்ணீர்க் கோப்பை நிற்கவில்லை. சாராயக் கடை இருக்கும் தெருவை விட்டு, வாய்க்கால் கரையால் சுற்றிச் சைக்கிள் ஓடினார். நாக்கு இழுக்கும்போதெல்லாம் சீனி அள்ளிப் போட்டுப் பிளேன்ரீ குடித்தார். இப்படி முப்பத்தொரு நாள். கொட்டகை போட்டு மாலை சூட்டவேண்டிய சாதனை. ஆனால் பார்த்தவர் எவருமில்லை.

பக்கத்திலேயே இருந்த மீனம்மாவும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைக் குறைசொல்ல முடியாது. அவளுடைய தலையில் அடித்து, பிள்ளையின் தலையில் அடித்து, கோயிலில் சூடம் அணைத்து என்று புருசன் செய்த சத்தியங்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

"சும்மா விட்டது சும்மாவே திரும்பி வரும். முறையா சாமிகிட்ட போய் எடுத்துப்புடுவோம், வாங்க" என்றாள். அருவி வெட்டுக் கூலிக்குக் கிடைத்த நெல்லில் ஒரு மூட்டையையும் ஓட்டோவில் ஏற்றினாள்.

மேடையில் பழனியாண்டி ஊதினார். மேசனுடைய நெஞ்சு. தண்ணீர் அப்படியே பாலாகிவிட்டது.

"மூன்று பேய்!" என்றார் சாமி.

"சாமி, நான் முப்பத்தொரு நாளாக் குடிக்கேல்லை."

சாமி கனிவோடு சிரித்தார். "மகனே, குடிக்காமல் இருந்தது நீ என்றா நினைத்தாய்? பேய் களைத்துப்போய் நித்திரை கொண்டது. மனிதனால் இது ஏலாத காரியம். உன்னை நீ நம்பாதே. நம்பினால் கெட்டாய்!"

கூட்டம் கைதட்டியது. தன்னால் ஒன்றும் ஏலாது என்று சொன்னால் இவ்வளவு சந்தோசப்படுகிற கூட்டத்தை வேறெங்கும் காணமுடியாது.

கொட்டகையை நடத்துகிற பரிபாலன சபையின் தலைவர் அப்புத்துரை கயிறு கட்ட முன்வந்தார். பெரிய வயற்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். வாழ்க்கையில் ஒரு சொட்டும் தொடாதவர் என்பதை நாளுக்கு மூன்றுதரம் சொல்லுகிறவர். "பழனி, கையை நீட்டும். உமக்குக் கனநாளாய் இது தேவை" என்று கட்டினார். கொண்டுவந்த மூட்டை ஒரு பேய்க்குத்தான் போதும். மற்ற இரண்டுக்கும் அடுத்த கிழமை கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மீனம்மா குசினி வாசலில் குந்திவிட்டாள்.

"அப்ப இந்த ஒரு மாசமும் எனக்குப் பொய் சொல்லியிருக்கீங்க."

"இல்லை, மீனா. சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதீங்க! தண்ணி வெள்ளையாப் போனத நான் என் கண்ணால பாத்தேன். எங்க வச்சுக் குடிக்கிறீங்க? வாய்க்கால் கரையிலயா? அதுக்குத்தான் அந்தப் பக்கமாச் சுத்திப் போறீங்களா?"

பதினாறு வருசம் பொய் சொன்ன வாயால் உண்மையைச் சொன்னால் அது எப்படி ஒலிக்கும் என்று பழனியாண்டிக்கே தெரியும்.

ஞாயிறு மத்தியானம் அவர் கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்கப் போனார். இந்தமுறை நேர்த் தெருவால் போனார். குடிக்காமல் இருந்தும் குடிகாரன் என்றால் குடித்துவிட்டே குடிகாரனாக இருக்கலாமே என்று யோசித்தார். ஒரு கால்போத்தல் வாங்கிச் சைக்கிள் பையில் வைத்தார். மதில் நிழலில் இருந்து அதைக் கையில் எடுத்தார். உள்ளே மூன்று பேய் இருக்கிறதாம். அவை கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்.

மூடியில் கைவைத்தபடி எதிரே பார்த்தார். வெள்ளிக்கிழமை அவர் சுண்ணாம்பு நீற்றி வைத்த பரல், ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பா. சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அதன்மேல் கண்ணாடித் தாள்போல மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருந்தது. இருபத்தைந்து வருசமாகத் தினமும் காண்கிற ஏடு. ஆனால் இதே ஏட்டை நேற்று வேறெங்கோ கண்டாரே? கயிறு கட்டக் குனிந்தபோது, பக்கத்திலிருந்த பித்தளைக் குடத்துக்குள்!

போத்தலைப் புல்லில் வைத்தார். எழும்பிப் போய் ஒரு பப்பாசி இலையை முறித்துத் தண்டைக் குழலாக்கினார். தேத்தண்ணிக் கிளாசில் தெளிந்த தண்ணீரை அள்ளி ஊதினார்.

தண்ணீர் வெளுத்தது.

மீண்டும் அள்ளி ஊதினார். மீண்டும் வெளுத்தது. பரலுக்குள் இருந்த பேய்களுக்குக் கணக்கே இல்லை. பழனியாண்டி அந்த மதிலில் சாய்ந்து தனியே சிரித்தார். தெருவால் போனவர்கள், சரிதான், பழையபடி தொடங்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குப் போனவர் மீனம்மாவின் முன்னால் இரண்டு போத்தல்களை வைத்தார். ஒன்று சாராயம். மற்றது சுண்ணாம்புத் தண்ணீர். அதைக் கிளாசில் ஊற்றிக் குழலை விட்டார்.

"இது இண்டைக்கு வாங்கினனான். குடிக்கத்தான் வாங்கினனான். மூடி உடைக்கேல்லை, பார். இப்ப இந்தத் தண்ணியிலை நீ ஊது."

"நான் எதுக்கு ஊதணும்?"

"ஒருக்கா ஊது, மீனா. பிறகு என்ன வேணுமெண்டாலும் ஏசு."

அவள் முறைத்தபடி குழலை வாயில் வைத்தாள். நாலு குமிழி, எட்டுக் குமிழி. தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது. குழலை எடுத்துவிட்டுக் கிளாசைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

"நீ எத்தினை வருசமாக் குடிக்கிறாய்?" என்று பழனியாண்டி கேட்டார்.

மீனம்மா சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையானது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முப்பத்தொரு நாள்..." என்றாள். "நெசமாவே முப்பத்தொரு நாளுங்களா?"

"முப்பத்திரண்டு" என்றார் அவர்.

கால்போத்தலின் மூடியை அவளே உடைத்து, சாராயத்தைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஆளுகிட்ட என் நெல்லு மூட்டை இருக்கு."

அடுத்த சனிக்கிழமை கொட்டகை வழக்கம்போல நிரம்பியிருந்தது. சாமி ஆசனத்தில் அமர்ந்ததும் மீனம்மா விறுவிறென்று மேடைக்கு ஏறினாள். பின்னால் பழனியாண்டி.

"சாமி, எனக்கும் ஊதிப் பாக்கணும்."

கூட்டத்தில் சிரிப்பு. "பொம்பிளையள் என்னத்துக்கு ஊதவேணும்?" என்றார் அப்புத்துரை.

"குடிக்காதவங்க ஊதினா வெளுக்காதில்ல? அப்ப என்ன பயம்?" என்று கேட்டபடி முதலாவது குடத்திலிருந்து தானே மொண்டு ஊதினாள். வெளுத்தது.

சாமிக்கு நாக்கு எப்போதும் தயாராக இருக்கும். "அம்மணி, புருசனுடைய பேய் மனைவிக்குத் தொற்றும். இது சாத்திரம்."

"அப்பிடிங்களா? அப்புத்துரை ஐயா, உங்க பொஞ்சாதி குடிக்கிறதில்ல, நீங்களும் தொட்டதில்ல. நீங்க ஊதிக் காட்டுங்க. எங்க எல்லாருக்கும் புத்தி வரட்டும்."

இப்படியொரு கௌரவத்தை அப்புத்துரையால் மறுக்க முடியுமா? சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். சாமி "வேண்டாம் ஐயா" என்று கண்ணைக் காட்டினார். ஐயாவுக்குக் கூட்டம்தான் தெரிந்தது, கண் தெரியவில்லை. "எல்லாரும் வடிவாப் பாருங்கோ. ஒரு சொட்டுத் தொடாதவன்ரை மூச்சு எப்பிடி இருக்குமெண்டு பாருங்கோ" என்று சொல்லி, அறுபத்தெட்டு வருச ஒழுக்கத்தையும் சேர்த்து ஊதினார்.

தண்ணீர் மோர்போல ஆகியது.

"ஐயோ, இஞ்சாருங்கோ! எப்ப தொடக்கம்?" என்று முன்வரிசையிலிருந்து எழும்பினார் அவருடைய மனைவி விமலேஸ்வரி.

"விசர்க்கதை கதையாதையும்! நான் தொடேல்லை!"

"உள்ளுக்குள் மறைந்திருக்கும் பேய்" என்று சாமி தொடங்கினார்.

"ஆருக்கடா பேய்?" அப்புத்துரை சாமியை "அடா" போட்டது அதுதான் முதல் தடவை. பழனியாண்டிக்கு மூன்று பேய் என்றபோது மந்திரமாக இருந்தது, தனக்கு ஒன்று என்றதும் மானப்பிரச்சினையாகிவிட்டது.

பழனியாண்டி மைக்கை எடுத்தார். அவருக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. சாந்து பூசுகிற சாந்தகப்பையைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். "இனிச் சாமி ஊதட்டும். அவருக்குப் பேய் இல்லைத்தானே."

சாமி இரண்டாவது குடத்துப் பக்கம் கையை நீட்டினார்.

"அது வேண்டாம் சாமி. எங்களுக்குத் தந்த குடத்திலை."

கூட்டம் எழும்பி நின்றது. சாமி வேறு வழியில்லாமல் கிளாசை வாங்கினார். கன்னம் இரண்டையும் உப்பி, கண்ணை மூடி, பலமாக ஊதுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"சாமி, குமிழி வரேல்லை!" என்று யாரோ கத்தினார்கள்.

கன்னத்தை எவ்வளவு நேரம் உப்பிவைத்திருக்க முடியும்? மூச்சு முட்டியது. ஞானியானாலும் மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும். குழலுக்குள்ளால் அது படபடவென்று போனது. தெளிவானந்தாவின் கையில் கள்ளு நிறத்தில் ஒரு கிளாஸ் நின்றது.

"சாமிக்கு எத்தினை மூட்டை?" என்றது பின்வரிசை.

பழனியாண்டி பையிலிருந்த போத்தலைத் தூக்கிக் காட்டினார். "இது கோயில் மதிலுக்கு அடிக்கிற சுண்ணாம்புத் தண்ணி. தெளிஞ்ச தண்ணியிலை ஆர் ஊதினாலும் வெளுக்கும். குடிகாரன், குருக்கள் எண்டு அதுக்குத் தெரியாது. மற்றக் குடத்திலை இருக்கிறது வெறும் கிணத்துத் தண்ணி. அதிலை ஆர் ஊதினாலும் ஒண்டும் நடவாது. இதுதான் இவரின்ரை மந்திரம்."

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கூட்டத்தின் நடுவில் ஒரு விஞ்ஞான வாத்தியார் இருந்தார். சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்நிறமாகும் என்று பதினொரு வருசமாகக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவர். மச்சானுக்குப் பேய் இறக்க மூன்று மூட்டை கொண்டுவந்திருந்தார். பாவம், பாடம் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரைக்கும்தான் என்று நினைத்திருந்தார்.

சனம் கொதித்தது. பெண்கள் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை இழுக்கத் தொடங்கினார்கள். அப்போது தங்கராசா என்றொருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். மீன் வியாபாரி. கையில் மந்திரக் கயிறு. அறுபது நாளாகக் குடிக்காதவர். அவருடைய கோபம் சாமியிடம் அல்ல, பழனியாண்டியிடம்.

"உனக்கு என்னடா செய்தனான்? இந்தக் கயித்தாலைதான் நான் மனுசனா இருக்கிறன். இது பொய்யெண்டா நான் இனி எதைப் பிடிக்கிறது? பழையபடி குடிக்கச் சொல்லுறியோ?" அவருடைய குரல் நடுங்கியது. ஒளிக்க ஓர் இடம் தேடிய சாமி அந்த நடுக்கத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "பார்த்தீர்களா? நம்பிக்கையைக் கெடுக்கிறார்கள்!" என்றார்.

தான் புல்லில் வைத்த கால்போத்தல் பழனியாண்டிக்கு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தங்கராசாவுக்குக் கிட்டப் போனார்.

"அண்ணை, இந்த அறுபது நாளும் மீன் கொண்டு போகேக்கை சாராயக் கடை வாசலாலை போனியளோ?"

"ஓம். அந்தத் தெருவாலைதான் போகவேணும்."

"நிண்டனியளோ?"

"இல்லை."

"சாமி சைக்கிளிலை ஏறி உங்களோடை வந்தவரோ?"

"இல்லை..."

"அப்ப அந்த வாசலைத் தாண்டி மிதிச்சது ஆர்?"

தங்கராசா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். இவ்வளவு நாளும் வேறு யாருடையவோ என்று நினைத்திருந்தவர்போலப் பார்த்தார். "நான்தான்" என்றார். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொருமுறை, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நான்தான் மிதிச்சனான்!"

"உங்கடை சாமானைக் களவெடுத்து உங்களுக்கே வித்திருக்கிறான் அண்ணை. கயிறை வைச்சிருக்கிறதெண்டா வைச்சிருங்கோ. ஆனா விட்டது நீங்கள் எண்டதை மறக்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. நானும் வாறன். தனிய ஏலாத நாளும் வரும், அதுக்கு அங்கை ஆக்கள் இருக்கினம்."

இந்தப் பேச்சு நடக்கும்போதே தெளிவானந்தா மேடையின் பின்பக்கத்தால் இறங்கிவிட்டார். காவி வேட்டி வேலிக் கம்பியில் சிக்கியது. கீழே அரைக் காற்சட்டை போட்டிருந்தபடியால் ஓட்டம் தடைப்படவில்லை. வீடுவீடாகத் தண்ணீர் வடிகட்டிகள் விற்றுத் திரிந்த சிவகரன் என்ற ஆள்தான் அவர் என்று பொலிஸ் பிடித்தபிறகு தெரியவந்தது. முதலில் கிணற்றுத் தண்ணீரைக் கலக்கிக் காட்டிப் பயமுறுத்துவது, பிறகு தெளியவைக்கிற சாமானை விற்பது. தொழிலை அவர் மாற்றவில்லை. கிணற்றுக்குப் பதிலாக மனிதரைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசை. ஆனால் கிருசாந்தன் என்ற பெடியன், "பேய் இல்லையெண்டா பயமில்லைத்தானே" என்று சொல்லிக் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, அன்றைக்கே சாராயக் கடைக்குப் போனான். தன்மேல் நம்பிக்கை வைக்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பழனியாண்டி அவன் வீட்டுக்கு இரண்டுமுறை போய் வசவு வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம்முறை அவன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான். செவ்வாய்க்கிழமை வாங்கில் இப்போது ஆறேழு பேர் இருக்கிறார்கள். வந்த முதல்நாளே ஒருவர் மேனுகாவிடம், "மிஸ், நீங்களும் ஒரு கயிறு கட்டிவிட்டால் நல்லது" என்று கேட்டாராம்.

போன மாதம் பரிபாலன சபை கூடியது. கொட்டகை சும்மா கிடக்கிறதே என்ற கவலை. அப்புத்துரை எழும்பிப் பேசினார். "நாங்கள் ஏமாந்தது உண்மைதான். அவன் கள்ளச் சாமி. ஆனபடியால் இந்தமுறை நல்லா விசாரிச்சு, உண்மையான சாமி ஒருத்தரைக் கொண்டுவருவம்." எல்லோரும் தலையாட்டினார்கள். விஞ்ஞான வாத்தியார் வழிமொழிந்தார்.

வரட்டும். ஆனால் ஒன்று. "உன்னால் ஏலாது" என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உங்கள் வாசலுக்கு வந்தால், உங்களுக்கு ஏலாமல் போவதால் அவனுக்கு என்ன லாபம் என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்க விரதம் இருக்கத் தேவையில்லை. கழுத்துக்கு மேலே இருப்பதை, கும்பிடக் குனிவதற்கு மட்டும் வைத்திராமல், ஒருமுறை நிமிர்த்தினால் போதும்.